டக்! மல்லாவி விறாந்தையில் ஒரு மணிக்கூட்டுக் கூத்து

அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டால் பிறகு கை சும்மா இராது. பிடியை மெல்ல அமத்துகிறீர்கள். முதலில் ஒன்றும் நடப்பதில்லை, உள்ளங்கையில் ஒரு முறுக்கம் மட்டும் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் அமத்த, ‘டக்!’ மணிக்கூட்டின் பின்மூடி தன் இடத்தில் போய்க் குந்திவிட்டது. பக்கத்தில் நிற்கிறவருக்கு அது ஏதோ ஒரு சின்னச் சத்தம். பிடியைப் பிடித்திருப்பவருக்கு அன்று திருவிழா.

மணிக்கூடு திருத்துகிறவரின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நீங்களும் நின்றிருப்பீர்கள். ஒற்றைக் கண்ணில் கறுப்புக் குழல், குனிந்த தலை, மேசையில் வெள்ளைத் தாள், தாளின் மேல் மூச்சு விட்டால் பறந்துபோகும் திருகாணிகள். எட்டிப் பார்க்க வெளிக்கிட்டால் உடனே வரும்: “தம்பி, அங்கால நில்லும், வெளிச்சம் மறைக்குது.” ஐந்து நிமிடத்தில் மணிக்கூடு ஓடிக்கொண்டு வெளியே வரும். உள்ளே நடந்த மாயம் அவருக்கும் அந்த மேசை விளக்குக்கும் மட்டுமே தெரிந்த இரகசியம். அந்த இரகசியத்தில் பாதி, ஒன்லைனில் ஓடர் பண்ணி, பார்சலில் எங்கள் வீட்டு விறாந்தைக்கே வந்து இறங்கிவிட்டது. வாருங்கோ, கிட்ட வாருங்கோ! இந்த முறை வெளிச்சம் மறைத்தாலும் ஒருவரும் ஏசமாட்டார்கள்.

பெட்டியைத் திறந்தால் முதலில் ஏமாற்றம்தான். இரும்பில் ஒரு குட்டி நிலை, மேலே ஒரு கைப்பிடி. பிடியை இறக்க ஒரு தண்டு நேராகக் கீழே இறங்கும். அவ்வளவுதான், மணிக்கூட்டின் பின்மூடியை அமத்துகிற பிறஸ்! ஆனால் கூடவே ஒரு பையில் நைலோன் வட்டுகள் வந்திருக்கின்றன, 18 மில்லிமீற்றரில் தொடங்கி 50 வரைக்கும், சில தட்டையாக, சில நடுவில் குழிந்து. வித்தை முழுக்க அந்தப் பைக்குள்தான் இருக்கிறது. பிடியை அமத்துவதற்குப் பதிலாகத் திருகித் திருகி இறக்குகிற வகையும் உண்டு. பழைய, பெறுமதியான மணிக்கூட்டுக்கு அதுதான் நல்லது. எந்த இடத்தில் இறுகுகிறது என்று விரல் சொல்லிவிடும், நிறுத்தி யோசிக்கவும் நேரம் இருக்கும். ஆனால் கொண்டாட்டம் வேண்டுமென்றால் நெம்பு வகைதான்!

இன்றைய நோயாளி, பக்கத்து வீட்டு மாமியின் மணிக்கூடு. தங்க நிறம், சின்ன முகம், கொழும்பில் இருக்கிற மகள் வாங்கிக் கொடுத்தது. செக்கன் முள் ஒழுங்காக நடக்காமல் நாலு நாலு செக்கனாகத் துள்ளுகிறது.

“பிள்ளை, இது பழுதாப் போச்சு போல.”

“இல்லை மாமி, பற்றரி முடியுது எண்டு அது உங்களுக்குச் சொல்லுது.”

உண்மைதான். பல குவாட்ஸ் மணிக்கூடுகளில் மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கியதும் செக்கன் முள் இப்படித் தாவித் தாவி ஓடும். நேரம் பிழைக்காது, நடைதான் மாறும். மாமி ஒரு மாதமாக அதைப் பார்த்துக் கவலைப்பட்டிருக்கிறார்.

திறப்பது பெரிய காரியமில்லை. பின்மூடியில் மூன்று வகை: திருகிக் கழற்றுவது, நாலு சின்னத் திருகாணி போட்டது, வெறுமனே அமத்திப் பூட்டியது. மாமியின் மணிக்கூடு மூன்றாவது. விளிம்பைச் சுற்றித் தேடினால் ஓர் இடத்தில் நகம் நுழையுமளவு ஒரு சின்ன உதடு தெரியும். மட்டக் கத்தியின் முனையை அங்கே வைத்து ஒரு திருப்புத் திருப்ப, மூடி எழும்பிவிடும். வலு சுகம்! அதனால்தான் எத்தனையோ வீடுகளில் திறந்த மணிக்கூடு இருக்கிறது, மூடிய மணிக்கூடு இல்லை.

மூடி கழன்றதும் எல்லாத் தலையும் ஒன்றாகக் குனிகிறது. பற்றரிக்குப் பக்கத்தில் செப்பு நிறத்தில் மின்னுகிற சுருள். தலைமயிரிலும் மெல்லிய கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. திருகாணிக் கோலின் முனை அதில் ஒரு கீறு கீறினால் மணிக்கூட்டின் கதை முடிந்தது. இன்னொரு மூலையில் வெள்ளி நிறத்தில் ஒரு குட்டிக் குழாய். எங்கள் விறாந்தையில் எல்லாரையும் ‘ஆ’ என்று வாய் பிளக்க வைத்தது அதுதான். பற்றரி இருக்கும் மட்டும் அதற்குள் ஒரு குவாட்ஸ் படிகம் செக்கனுக்கு 32,768 தரம் அதிர்ந்துகொண்டிருக்கும். ஏன் இந்தக் கோணல் எண்? இரண்டால் பிரித்துப் பாருங்கள். திரும்பவும் இரண்டால். 15ஆவது முறை சரியாக ஒன்று வந்து நிற்கும். செக்கனுக்கு ஒரு துடிப்பு, முள்ளுக்கு ஒரு அடி! 1969 டிசெம்பர் 25ஆம் திகதி ரோக்கியோவில் செய்கோ நிறுவனம் உலகின் முதல் குவாட்ஸ் கைமணிக்கூட்டை ‘அஸ்ட்ரோன்’ என்ற பெயரில் விற்பனைக்கு விட்டபோது விலை 450,000 யென். அந்தக் காலத்தில் ஒரு கார் வாங்குகிற காசு. அதே வித்தை இப்போது மாமி சந்தைக்குப் போகும்போது கையில் கட்டிக்கொண்டு போகிற சாமான்.

இனிப் பற்றரி. பழையதன் முதுகில் எஸ்.ஆர்.626 என்று பொறித்திருக்கிறது: 6.8 மில்லிமீற்றர் அகலம், 2.6 மில்லிமீற்றர் தடிப்பு. எல்.ஆர். என்று தொடங்கினாலும் அளவு அதேதான், ஆனால் அது அல்கலைன். விலை குறைவு, வலு மெல்ல மெல்ல வடிந்துபோகும். எஸ்.ஆர். என்பது சில்வர் ஒக்சைட். 1.55 வோல்ற்றில் கடைசிக் காலம் வரை நிமிர்ந்து நின்றுவிட்டுப் பிறகு சட்டென்று விழும். சில ரூபாவை மிச்சம் பிடிக்கிறேன் என்று இந்த இடத்தில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். எடுப்பது, வைப்பது எல்லாம் பிளாஸ்ரிக் சாமணத்தால். இரும்புச் சாமணம் பற்றரியின் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பிடித்தால் புதுப் பற்றரி அந்த இடத்திலேயே வலு இழக்கத் தொடங்கிவிடும். கழற்றிய பழையது வெறும் சித்தாலேபப் போத்தலுக்குள் போய், போத்தல் அலுமாரியின் மேல் தட்டுக்குப் போகிறது. சின்னப் பிள்ளைகள் இதை விழுங்கினால் தொண்டைக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். அதில் மட்டும் விளையாட்டு இல்லை.

இதற்குள் ஒரு சோதனை. ஆடி மாதம், சோளகம் சுழற்றி அடிக்கிறது. வன்னிப் புழுதிக்கு அழைப்பிதழ் தேவையில்லை. ஒரு துணிக்கை பல்லுச் சில்லுக்குள் போனால் மணிக்கூடு நின்றுவிடும். ஆகவே கதவு பூட்டு, ஃபானை நிற்பாட்டு, ஒருவரும் தும்மக்கூடாது! வியர்த்து ஒழுக, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். திறந்த மணிக்கூட்டின் மேல் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து வைத்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

மூடுகிற கட்டம்! பின்மூடியின் உள்விளிம்பில் ஓர் இடத்தில் மட்டும் சின்ன வெட்டு இருக்கும். சாவிக் குமிழின் தண்டு உள்ளே போகிற வழிக்கு நேரே அந்த வெட்டு வரவேண்டும். திசை மாறி அமத்தினால் தண்டு நசிந்துபோகும். மூடியில் எழுதியிருக்கிற எழுத்து நேராக வருகிறதா என்று பார்த்து வைக்கிறவர்கள் உண்டு. அதை நம்பவேண்டாம், வெட்டைத் தேடுங்கள். பிறகு றப்பர் வளையம். அது தன் பள்ளத்தில் சுருக்கமில்லாமல் கிடக்கிறதா? சிலிக்கோன் கிரீஸ் பூச்சு ஒன்று கொடுத்தால் வழுக்கிக்கொண்டு உட்காரும்.

முதலில் மாமி பெருவிரலால் பார்த்தார். “உதுக்கு மிசின் வேணுமோ? தா பார்ப்பம்.” பால்மா ரின்னின் மூடி மாதிரி, இந்தப் பக்கம் அமத்த அந்தப் பக்கம் எழும்பியது. அங்கே அமத்த இங்கே. சில மணிக்கூடுகளில் பெருவிரல் காணும், பொய் சொல்லவில்லை. ஆனால் மூடி, தான் போய் இருக்கிற பள்ளத்தை விட மயிரளவு பெரிது. உலோகம் கொஞ்சம் வளைந்து, றப்பரும் கொஞ்சம் நசிந்து இடம் கொடுத்தால்தான் உள்ளே போகும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில். பெருவிரல் இரண்டுக்கு அந்த ஒற்றுமை வராது.

பிறஸ்ஸுக்கு வரும். ஆனால் எந்த வட்டை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. மணிக்கூடு முகம் கீழே பார்த்துப் படுக்கும். கீழ் வட்டு குழிந்ததாக இருக்கவேண்டும். அதன் விளிம்பு கண்ணாடியைச் சுற்றியிருக்கும் உலோக வளையத்தில் மட்டும் முட்டவேண்டும், கண்ணாடி குழிக்குள் ஒன்றையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கவேண்டும். ஒரு அளவு சின்ன வட்டை வைத்தால் பாரம் முழுக்கக் கண்ணாடியில் இறங்கும். கண்ணாடி வெடிக்கிற சத்தமும் ‘டக்’தான் என்பதை நினைவில் வைத்திருங்கள்! மேல் வட்டு பின்மூடியின் ஓரத்தளவு. மூடி கொஞ்சம் குவிந்திருந்தால் மேலேயும் குழி வட்டு, இல்லாவிட்டால் நடுவில் மட்டும் அமத்தி மூடியைப் பள்ளமாக்கிவிடும். சாவிக் குமிழ் வட்டுக்கு வெளியே, பட்டி ஒதுங்கி. பிடியை இறக்க முதல் ஒருக்கால் குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து, மூடி சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அடிக்கவேண்டாம், அமத்துங்கள்.

டக்!

மாமியே கைதட்டிவிட்டார். விரல் நகத்தை விளிம்பைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன், ஓரிடத்திலும் இடறவில்லை. அதுதான் பரீட்சை. செக்கன் முள் ஒன்று ஒன்றாக நடக்கிறது.

இனி நேரம் வைக்கவேண்டும். ஃபோனைப் பார்த்து வைத்தால் முடிந்தது. ஆனால் மாமி குமிழைத் தானே இழுத்துத் திருகிக்கொண்டு பழைய கதையைத் தொடங்கினார். இந்த ஊர் மணிக்கூடுகள் பட்ட பாடு எந்த ஊர் மணிக்கூடும் படவில்லை. 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கவென்று அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளியது. ஒக்ரோபரில் அதில் பாதியைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை நின்றது. புலிகளின் நிர்வாகத்தில் இருந்த வன்னியோ அந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. கொழும்பில் எட்டு மணியென்றால் மல்லாவியில் ஏழரை. 2002இல் ஏ-9 வீதி திறந்து சனம் போய்வரத் தொடங்கிய பிறகு கூத்து இன்னும் கூடிவிட்டது.

“ஓமந்தைச் செக்பொயின்ற் தாண்டினா அரை மணித்தியாலம் பறந்திடும். திரும்பி வரேக்க அது திரும்பிக் கிடைக்கும். கலியாண வீட்டுக் காட் வந்தா முதல் கேள்வி, பழைய நேரமோ புது நேரமோ எண்டுதான்.”

அதற்கும் முந்தி, தொண்ணூறுகளில், வன்னிக்குள் கொண்டுவரத் தடைசெய்த சாமான்களில் பற்றரியும் ஒன்று. செய்தி கேட்கவேண்டுமென்றால் சைக்கிளை நிறுத்திவைத்து ஒருவர் மிதிக்க, ரைனமோவில் றேடியோ பாடும். மாமியின் வீட்டில் அப்போது சாவி கொடுக்கிற மணிக்கூடுதான் ராசா. அந்த மாமி இப்போது பற்றரி ஒன்றின் விலையைக் கேட்டு, “அவ்வளவோ?” என்று முகத்தைச் சுளிக்கிறார்!

செய்தி வேலி தாண்டிவிட்டது போல. மாமியின் பேரன் தன் கசியோவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பின்னால் நாலு திருகாணி. இதற்கு பிறஸ் வேண்டாம், சின்னத் திருகாணிக் கோலே காணும் என்றதும் அவன் முகம் விழுந்துவிட்டது. அவனுக்குப் பற்றரி வேண்டாம், ‘டக்’தான் வேண்டும். சமாதானத்துக்காக வட்டுப் பையைக் கொடுத்து, மாமியின் மணிக்கூட்டுக்கு எந்த வட்டு பொருந்தும் என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். கண்டுபிடித்துவிட்டான். உடனே அடுத்த கேள்வி:

“அப்ப அம்மம்மா இனி இதைக் கட்டிக்கொண்டு வவுனிக்குளத்துக்க இறங்கலாமோ?”

“இறங்கேலாது. வீட்டில மூடினதுக்குத் தண்ணிப் பரிசோதனை இல்லை. மணிக்கூட்டைக் கழட்டி வச்சிட்டு இறங்கச் சொல்லு.”

“அம்மம்மாவுக்கு நீந்தத் தெரியாது,” என்றான்.