களையை அடக்க ஒரு செடி நட்டேன்... அந்தச் செடியே களையாச்சு!

ஐப்பசியில் ரெண்டு நாள் மழை பெய்தால் போதும். கத்திரிக்கும் தக்காளிக்கும் நடுவில் திபுதிபுவென்று களை எழுந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் குத்தவைத்து உட்கார்ந்து பிடுங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், அடுத்த ஞாயிறு அதே இடத்தில் மறுபடியும் பச்சை. வீட்டுத்தோட்டம் போட்ட பலர் ஒரே வருடத்தில் கைவிடுவதற்குப் பூச்சியைவிட இந்தக் களைதான் காரணம் என்பேன்.

இதற்கு ஒரு முடிவு கட்டலாம் என்று, திருச்சி புறநகரில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் மூன்று வருடம் முன்னால் ஒரு காரியம் செய்தேன். ஒரு நர்சரியில் மஞ்சள் பூ பூக்கும் படர்செடியைக் காட்டி, "இதை வெச்சா களையே வராதும்மா" என்றார்கள். ஆறு கன்று வாங்கி நட்டேன். அவர்கள் சொன்னது பொய் இல்லை. களை வரவில்லை. நாலு மாதத்தில் வெண்டையும் வரவில்லை! வேலியோரம் நின்று பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர், "ஏம்மா, சின்ன களைக்குப் பயந்து பெரிய களையை காசு குடுத்து வாங்கியிருக்கியே" என்றார்.

அந்தச் செடியின் பெயர் வெடேலியா. சிங்கப்பூர் டெய்சி என்றும் சொல்கிறார்கள், ஆனால் தாயகம் என்னவோ வெப்பமண்டல அமெரிக்கா. கணுவுக்குக் கணு வேர் விடும். பிடுங்கும்போது அறுந்து விழும் துண்டுகளும் முளைத்துக்கொள்ளும். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இதற்கும் ஓர் இடம் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முழுசாக ஒழிக்க ஒரு வருடம் ஆனது.

அப்படியென்றால் தரையை மூடுவதே தப்பா? இல்லை. நான் செடியைத் தேர்ந்தெடுத்த விதம்தான் தப்பு.

களை விதைகள் மண்ணுக்குள் வருடக்கணக்கில் தூங்கும். அதிலும் பொடிப்பொடியான விதைகளில் பலவற்றுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். நாம் கொத்திக் கிளறும்போது அவற்றை மேலே கொண்டுவந்து வெயிலைக் காட்டி எழுப்பிவிடுகிறோம். மண்ணின் மேல் நிழல் விழுந்தால் அவை தூங்கிக்கொண்டே இருக்கும். வைக்கோல், சருகு போட்டு மூடுவதும் செடியை வைத்து மூடுவதும் இதற்காகத்தான். இயற்கை விவசாயிகள் முன்னதை மூடாக்கு என்றும், பின்னதை உயிர் மூடாக்கு என்றும் சொல்வார்கள்.

உயிர் மூடாக்கில் ஒரு சிக்கல். அதுவும் செடிதானே! காய்கறிக்குப் போகவேண்டிய தண்ணீரையும் சத்தையும் அதுவும் குடிக்கும். அதனால் ஒரு செடி எவ்வளவு வேகமாகப் படரும் என்று கேட்பதற்கு முன்னால், 'வேலை முடிந்ததும் இது போய்விடுமா?' என்று கேளுங்கள். வெடேலியா போகாது. தட்டைப்பயறு போய்விடும்.

எங்கள் தோட்டத்தில் கடைசியில் கைகொடுத்தது அந்தத் தட்டைப்பயறுதான். காராமணி என்றும் சொல்வோம். அகல இலை, வெயிலைத் தாங்கும், ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் தரையை மறைத்துவிடும். வேர் முடிச்சில் உள்ள பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால், தழைச்சத்துக்குக் காய்கறியோடு அவ்வளவாகப் போட்டியும் போடாது. கடைக்காரரிடம் 'குத்துச்செடி ரகம்' என்று கேட்டு வாங்குங்கள். கொடி ரகம் வாங்கினால் கத்திரிச்செடி மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

நேரமும் முக்கியம். காய்கறி நாற்று நட்ட முதல் 30, 40 நாள் அதற்கு எதுவுமே போட்டிக்கு இருக்கக் கூடாது. நான் நாற்று நட்டு மூணு வாரம் கையால் களை எடுத்து, செடி வேர் பிடித்து நிமிர்ந்த பிறகு, செடியிலிருந்து ஒரு அடி தள்ளி பயறை ஊன்றுகிறேன். பயறு படர்வதற்குள் கத்திரி தலைக்கு மேல் போய்விடும். பூ எடுக்கும்போது பயறை வேரோடு பிடுங்காமல், அடியோடு அறுத்து அங்கேயே பரப்பிவிடுவேன். வேர் மண்ணுக்குள் மட்கட்டும், தழை மேலே மூடாக்காகட்டும். காய் சாப்பிடணும் என்று ஆசைப்பட்டால் நாலு செடியை மட்டும் விட்டுவையுங்கள். அசுவினி வரும், பதறாதீர்கள். அதைத் தின்ன பொறிவண்டும் வரும்.

இடம் பெரிசாக இருந்தால் மக்காச்சோளத்துக்கு நடுவில் பூசணி விடலாம். அமெரிக்கப் பழங்குடி மக்கள் சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் சேர்த்தே போடுவார்கள். பூசணி இலையின் நிழலில் களை எழும்பாது. முருங்கை, பப்பாளி அடியில் சர்க்கரைவள்ளிக் கொடி நன்றாகவே மூடும். ஆனால் கத்திரிப் பாத்திக்குள் அதை விடாதீர்கள். கிழங்கு தோண்டும்போது பக்கத்துச் செடியின் வேரும் சேர்ந்து வரும். குழாயடி ஈரத்துக்கு வல்லாரை. பருப்புக்கீரையும் தரையோடு படரும், கூட்டுக்கும் ஆகும். விதை கட்டுவதற்கு முன் கிள்ளிவிடவேண்டும், இல்லையென்றால் அடுத்த வருடம் அதுவே களை.

கோரையிடம் மட்டும் இந்த வித்தையெல்லாம் அப்படியே பலிக்காது. அது விதையை நம்பி இல்லை, மண்ணுக்குள் சரம் சரமாகக் கிழங்கு வைத்திருக்கிறது. பிளாஸ்டிக் ஷீட்டையே குத்திக்கொண்டு வெளியே வரும். அடர்ந்த நிழல் அதற்குப் பிடிக்காது என்பது ஒன்றுதான் நமக்குச் சாதகம். கோரை அதிகமுள்ள பாத்தியில் ஒரு பட்டம் காய்கறியை மறந்துவிட்டு, சணப்பை நெருக்கி விதைத்து, பூக்கும் நேரத்தில் மடக்கி உழுது, பிறகு முளைப்பதைக் கிழங்கோடு தோண்டி எடுங்கள். ஒழியாது, குறையும்.

கோடையில் தண்ணீர் பஞ்சம் என்றால் உயிர் மூடாக்கே வேண்டாம், வைக்கோலோ சருகோ போதும். மூணு, நாலு அங்குல கனம் வேண்டும். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு கை அகலம் விடுங்கள். வைக்கோலில் நெல் மிச்சமிருந்தால் முளைக்கும், நன்றாக உதறிப் போடுங்கள். மழைக்காலத்தில் எந்த மூடாக்கின் அடியிலும் நத்தை சேரும். சாயங்காலம் டார்ச் அடித்துப் பொறுக்குவதுதான் வழி.

"பாம்பு வருமே?" என்று என் மாமியார் இன்னமும் கேட்கிறார். நியாயமான பயம்தான். வீட்டுச் சுவரிலிருந்து மூணு, நாலு அடிக்கு எதையும் படரவிடுவதில்லை, நடைபாதையும் வெறும் மண். தழைக்குள் கைவிடுவதற்கு முன் ஒரு குச்சியால் தட்டிவிட்டுத்தான் குனிகிறேன்.