சர்க்கரையோடு வாழ்தல் – 12: இறங்கினால் முதல் பதினைந்து நிமிடம்

செய்யூர் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர் சூணாம்பேடு. இன்று செங்கல்பட்டு மாவட்டம். 2019 நவம்பரில் மாவட்டம் பிரியும்வரை காஞ்சிபுரத்தோடு இருந்தது. இந்த ஊரின் பெயர் உலகளாவிய மருத்துவ ஆய்விதழில் ஏறியதற்குக் காரணம் ஒரு வேன். அதன் தலையில் செயற்கைக்கோள் ஆன்டெனா. உள்ளே விழித்திரையைப் படமெடுக்கும் கேமரா, ஈ.சி.ஜி. கருவி, பாதத்தின் உணர்ச்சியையும் ரத்த ஓட்டத்தையும் சோதிக்கும் சாதனங்கள். டாக்டர் வி. மோகன் தலைமையிலான சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை, இஸ்ரோ தந்த செயற்கைக்கோள் இணைப்போடு இந்த வேனைச் சுற்றுவட்டாரத்தின் 42 கிராமங்களுக்கு ஓட்டியது. வேனில் எடுத்த படத்தைச் சென்னையில் உட்கார்ந்த மருத்துவர் பார்ப்பார். 27,014 பெரியவர்களில் 23,449 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 86 பேருக்கு மேல், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டார்கள். ஒரே வருடத்தில் அங்குள்ள நோயாளிகளின் மூன்று மாதச் சராசரி (எச்.பி.ஏ.1.சி.) 9.3-லிருந்து 8.5-க்கு இறங்கியது. 2012-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை சொல்லும் கணக்கு இது.

கண், பாதம், சிறுநீரகம் எல்லாம் மெல்லக் கெடுபவை. வேன் வரும் நாள்வரை காத்திருக்கலாம். காத்திருக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. சர்க்கரை திடீரென்று இறங்கிவிட்டால் செயற்கைக்கோள் உதவாது. அந்த நேரத்து மருத்துவர் பக்கத்தில் இருப்பவர்தான்: மனைவி, பேரன், பஸ் கண்டக்டர், டீக்கடைக்காரர். சர்க்கரை ஏறக் கூடாது என்று வருடக்கணக்கில் பாடம் நடத்திய நாம், இறங்கினால் என்ன செய்வது என்பதை இவர்களுக்குச் சொல்லித்தரவே இல்லை. இந்த வாரம் அந்தப் பாடம்.

ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே போனால் ஆபத்து வாசலுக்கு வந்துவிட்டது. தன்னால் எடுத்துச் சாப்பிட முடியாமல் இன்னொருவர் கை தேவைப்படும் நிலை வந்தால், மீட்டரில் எண் என்னவாக இருந்தாலும் அது தீவிரம். உடல் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, உடலின் எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கை எரிக்கிறது. சேமித்து வைத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. ஆகவே குளுக்கோஸ் குறைந்ததும் உடம்பு அட்ரினலினைக் கொட்டி அபாயச் சங்கு ஊதுகிறது. கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், சட்டை நனைகிற அளவுக்கு வியர்க்கும், அகோரப் பசி எடுக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்து மூளை தடுமாறும். வாய் குழறும், கண் இரண்டாகத் தெரியும், காரணமில்லாமல் கோபம் வரும், கேட்ட கேள்வியையே கேட்பார்கள். பிறகு மயக்கம், வலிப்பு.

நம் ஊரில் சிக்கல் இந்த இரண்டாம் கட்டத்தில்தான். பஸ் ஸ்டாண்டில் தள்ளாடி நிற்பவரைப் பார்த்து, "காலையிலேயே ஏத்திட்டான்" என்று ஒதுங்கிப் போவார்கள். வீட்டிலோ, "வெறும் வயித்துல பித்தம் தலைக்கேறிடுச்சு" என்று எலுமிச்சம்பழச் சாற்றில் உப்புப் போட்டுக் கொடுப்பார்கள். வலிப்பு வந்துவிட்டால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். இரும்பு என்ன செய்யும், பாவம்? கேட்டது சர்க்கரை. இன்னும் சில வீடுகளில், "சுகர் ஏறிடுச்சுபோல" என்று ஒரு மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுவிடுவதும் உண்டு. இதைவிடப் பெரிய தீங்கு வேறில்லை. மீட்டர் கையில் இல்லையா, ஏறியதா இறங்கியதா என்று சந்தேகமா? நினைவோடு இருப்பவருக்கு இனிப்பைக் கொடுங்கள். ஏறியிருந்தால் அந்த மூன்று நான்கு ஸ்பூனால் கூடுதலாக வரும் கெடுதல் சொற்பம். இறங்கியிருந்தால் அது உயிர்.

இந்த மருத்துவத்தின் வயது இன்சுலினின் வயதேதான். 1921-ன் இறுதியில் டொரன்டோவில் ஜேம்ஸ் காலிப் கணையச் சாற்றை முயல்களுக்கு ஏற்றிப் பார்த்தபோது அவை துடிதுடித்து விழுந்தன. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்தன. 1922 ஜனவரி 11 அன்று 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு முதல் ஊசி போடும் முன்பே, மருந்தும் அதன் ஆபத்தும் ஆபத்துக்கான மாற்று மருந்தும் முயலின் உடம்பில் தெரிந்துவிட்டிருந்தன. சொல்லப்போனால், இன்று நாம் 'பத்து யூனிட், இருபது யூனிட்' என்கிறோமே, அந்த யூனிட்டை முதலில் வரையறுத்ததே பட்டினி போட்ட ஒரு முயலின் சர்க்கரையை வலிப்பு வரும் அளவுக்கு இறக்கத் தேவைப்பட்ட இன்சுலினை வைத்துத்தான்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். 15 கிராம் வேகமாகக் கரையும் சர்க்கரை, 15 நிமிடம் பொறுமை, மறுபடி மீட்டர். இன்னும் 70-க்குக் கீழே என்றால் அதே அளவு இன்னொரு முறை. உலகம் முழுக்க நடைமுறையில் இருக்கும் விதி இவ்வளவுதான். 15 கிராம் என்றால் எவ்வளவு? குளுக்கோஸ் பவுடர் என்றால் மூன்று ஸ்பூன் நிறைய, அரை டம்ளர் தண்ணீரில். வெள்ளைச் சர்க்கரை என்றால் மூன்று முதல் நான்கு டீஸ்பூன். தேன் ஒரு மேசைக்கரண்டி. இனிப்புள்ள சாதாரண கூல்டிரிங்க் என்றால் 150 மில்லி. 'டயட்', 'ஜீரோ' என்று போட்ட பாட்டில்கள் இந்த வேலைக்கு உதவாது. டீக்கடையில் விழுந்தவருக்கு "சர்க்கரை தூக்கலா ஒரு டீ" சொல்வது நம் வழக்கம். தப்பில்லை, ஆனால் சூடு ஆறும்வரை ஊதிக்கொண்டிருப்பதற்குள் நேரம் போய்விடும். அதே கடையின் சர்க்கரை டப்பாவிலிருந்து நேராக அள்ளித் தண்ணீரில் கலக்குவது மேல்.

சாக்லேட்டும் கடலை மிட்டாயும் ஐஸ்கிரீமும் நாக்குக்கு இனிக்கும். அவற்றில் உள்ள கொழுப்பு வயிற்றிலேயே சர்க்கரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் குவித்து வைத்திருக்கும் இளநீரையும் நம்பிவிடக் கூடாது. 100 மில்லி இளநீரில் சுமார் மூன்று நான்கு கிராம் சர்க்கரைதான். ஒரு காய் முழுதும் குடித்தாலும் 15 கிராம் தேறுவது சந்தேகம். தாகத்துக்கு அமிர்தம், தாழ்சர்க்கரைக்குப் போதாத மருந்து.

மாத்திரைச் சீட்டில் 'வோக்லிபோஸ்' அல்லது 'அகார்போஸ்' இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சாப்பாட்டின் முதல் வாயோடு விழுங்கச் சொல்லும் இந்த மாத்திரைகள், சர்க்கரையைக் குடலில் உடைக்கும் நொதியைத் தடுப்பவை. இவற்றைச் சாப்பிடுபவருக்கு வெல்லம், கற்கண்டு, சீனி, கூல்டிரிங்க் எல்லாம் தாமதமாகத்தான் வேலை செய்யும். ஏற்கெனவே உடைந்த நிலையில் இருக்கும் குளுக்கோஸ் பவுடர் வேண்டும். மருந்துக் கடையில் இந்த மாத்திரையையும் குளுக்கோஸ் பவுடரையும் ஒன்றாகவே கொடுத்தனுப்ப வேண்டும் என்று சட்டம் போட்டாலும் தப்பில்லை.

பதினைந்து நிமிடம் காத்திருப்பது சொல்ல எளிது. அடங்காத பசியில் கையில் கிடைத்த லட்டு, கேசரி, மூன்று தோசை என்று உள்ளே போய்விடும். இரண்டு மணி நேரத்தில் மீட்டர் 350 காட்டும். முதலில் 15 கிராம். எண் 70-ஐத் தாண்டிய பிறகு, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால், இரண்டு இட்லியோ நாலு பிஸ்கட்டோ போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு இன்னொரு விதி: நடுக்கம் தெரிந்ததும் ஓரங்கட்டி, சாவியை எடுத்துவிட்டு, பிறகு இனிப்பு. எண் சரியான பிறகும் 45 நிமிடம் கழித்துத்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்கிறது பிரிட்டன் ஓட்டுநர் விதி. எண் ஏறும் வேகத்துக்கு மூளை தெளிவதில்லை என்பதால் இந்த எச்சரிக்கை.

நினைவு தப்பிவிட்டால் விதி தலைகீழாகிறது. வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது. விழுங்கத் தெரியாத தொண்டையில் ஊற்றிய சர்க்கரைத் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், "சுகர் பேஷன்ட், மயக்கம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஆம்புலன்ஸிலோ மருத்துவமனையிலோ நரம்பு வழியே டெக்ஸ்ட்ரோஸ் ஏறியதும், சற்று முன்வரை கட்டையாகக் கிடந்தவர் கண்ணைத் திறந்து "எங்க இருக்கேன்?" என்பார். மருத்துவத்தில் இவ்வளவு விரைவாகப் பலன் தெரியும் சிகிச்சைகள் சிலவே. குளுக்ககான் என்ற ஊசியை வீட்டிலேயே போடலாம். மேலை நாடுகளில் பலர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைப்பது அரிது.

கண் திறந்தவர் உடனே கேட்பது, "வீட்டுக்குப் போலாமா?" இன்சுலினால் இறங்கியிருந்தால், காரணமும் தெரிந்திருந்தால் சில மணி நேரத்தில் போகலாம். கிளைமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையால் இறங்கியிருந்தால் போகக் கூடாது. அவை நாள் முழுக்கக் கணையத்தைப் பிழிந்துகொண்டே இருக்கும். சிறுநீரகம் தளர்ந்த முதியவர் உடம்பில் இன்னும் நீளமாகத் தங்கும். ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும் மறுபடி இறங்கும். இதனால்தான் மருத்துவர் ஒரு நாளாவது தங்கச் சொல்கிறார். "காசு பிடுங்கப் பாக்கறாங்க" என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்து, விடியற்காலையில் திரும்ப ஓடும் குடும்பங்கள் உண்டு. பணம்தான் பயம் என்றால் 1965-லிருந்து செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

ஏன் இறங்கியது என்ற கேள்வி அடுத்தது. விடியாத இருட்டில் படகு தள்ளுகிற கொக்கிலமேட்டு மீனவரை எடுத்துக்கொள்வோம். வலை இழுக்கும் நாளும் வீட்டில் இருக்கும் நாளும் அவர் உடம்புக்கு ஒன்றல்ல. ஊசி அளவு மட்டும் ஒன்றாகவே இருக்கிறது. திருக்கழுக்குன்றத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். ஊசியைத் தொடையில் போட்டுக்கொண்டு, "சாமி பார்த்துட்டுச் சாப்பிடலாம்" என்று வெறும் வயிற்றோடு ஏறுபவருக்கு, உழைக்கும் தசை இன்சுலினை இன்னும் வேகமாக உறிஞ்சித் தரும். பாதி மலையில் கால் துவளும். விரதம், வெறும் வயிற்றில் மது (கல்லீரல் சர்க்கரை தயாரிப்பதை அது நிறுத்திவிடும்), வாந்திபேதி, எல்லாம் இந்த வரிசைதான். ரத்தக் கொதிப்புக்குப் புரோப்ரனலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே போகலாம். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

இவை எல்லாவற்றையும்விடக் கோபம் வரவழைப்பது ஒரு மூடியின் நிறம். இந்தியாவில் இன்சுலின் இரண்டு அடர்த்திகளில் கிடைக்கிறது. குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100 யூனிட்; அந்த அடர்த்திக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பேனா ரிப்பேர் என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் '20' கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். இரண்டரை மடங்கு. அரைகுறை வெளிச்சத்தில், கண் மங்கிய ஒருவர், சிவப்பையும் ஆரஞ்சையும் பிரித்தறிய வேண்டும் என்று ஒரு நாடு எதிர்பார்ப்பது சரியில்லை. எல்லாவற்றையும் 100 யூனிட்டாக மாற்றிய நாடுகள் இருக்கின்றன. நாம் ஏன் இன்னும் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறோம்?

எண்ணைக் குறைப்பதே வெற்றி என்று மருத்துவர்களும் ஒரு காலத்தில் நினைத்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரை வைத்து நடந்த 'அக்கார்டு' ஆய்வில், ஒரு பிரிவினருக்கு எச்.பி.ஏ.1.சி.யை 6-க்குக் கீழே இறக்கப் போராடினார்கள். அந்தப் பிரிவில் தீவிரத் தாழ்சர்க்கரை மட்டுமல்ல, மரணங்களும் கூடின. 2008 பிப்ரவரியில் அந்தத் தீவிரச் சிகிச்சையை நிறுத்தினார்கள். மரணங்களுக்குத் தாழ்சர்க்கரைதான் காரணமா என்ற விவாதம் ஓயவில்லை. ஆனாலும் எழுபது வயதுக்காரருக்கும் முப்பது வயதுக்காரருக்கும் ஒரே இலக்கு வைக்கும் பழக்கம் அதன்பின் மாறியது. தனியாக இருக்கும், சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு 8 என்பது நல்ல எண்தான். "மாமியாருக்கு 6.2 வந்திருக்கு" என்று பெருமைப்படும் மருமகள், இரவில் அவருக்கு நைட்டி நனைய வியர்க்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அடுத்த முறை அந்தப் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வரும்போது, ஏறியதை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். இந்த மாதம் எத்தனை முறை வியர்த்து நடுங்கியது, எந்த நேரத்தில், அதற்கு முன் என்ன சாப்பிட்டது என்று சொல்லுங்கள். மருத்துவர் அளவைக் குறைக்க அந்தத் தகவல்தான் வழி. மாத்திரைச் சீட்டை இன்றே எடுத்து வோக்லிபோஸ் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் ஊசி போடுபவர் இருந்தால் குப்பியின் லேபிளையும் சிரிஞ்சின் மூடியையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிடுங்கள். குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று தலையணை அருகில், ஒன்று சட்டைப் பையில், படகுக்குப் போனால் இறுக மூடிய டப்பாவில் ஒன்று. அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் உள்ள பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

(அடுத்த வாரம்: பாதம்)