புதுக்கோட்டைக் குன்றுகளிலே

பழமையைக் காணப் புறப்படுவோர் தஞ்சைக்கும் மதுரைக்கும் மாமல்லபுரத்துக்கும் செல்வது இயல்பு. அவ்வழிகளுக்கு நடுவே அமைந்த புதுக்கோட்டைச் சீமையில் இறங்கித் தங்குவோர் மிகச் சிலரே. வண்டியிலிருந்து பார்ப்பவர்க்கு அங்கே தோன்றுவன செம்மண் நிலமும், வானம் பார்த்த ஏரிகளும், ஆங்காங்கே முதுகு காட்டிக் கிடக்கும் மொட்டைப் பாறைகளுமே. ஆயினும், அப்பாறைகளே அந்நாட்டின் ஏடுகள். தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் தனிச் சமஸ்தானமாக இருந்து, 1948-இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, 1974-இல் தனி மாவட்டமான இந்நிலப்பகுதியின் கல்வெட்டுகள் 1929-ஆம் ஆண்டிலேயே நூலாக வெளிவந்தன. அவற்றின் எண்ணிக்கை ஆயிரத்துக்கும் மேற்பட்டது என்றால், இப்பாறைகள் எவ்வளவு பேசுகின்றன என்பது விளங்கும்.

இச்சீமையைக் காண வருவோர் முதலில் திருக்கோகர்ணத்துக்குச் செல்லுதல் நலம். நகரத்தை ஒட்டியுள்ள அவ்வூரில் 1910-இல் நிறுவப்பெற்ற அருங்காட்சியகம் இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களில் கிடைத்த சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் அங்கே கண்டுவிட்டுச் சென்றால், பின்னர்க் காணும் குன்றுகள் அறிமுகமானவையாகத் தோன்றும்.

அங்கிருந்து வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல் உள்ளது. காலை வெயில் ஏறுமுன் குன்றின் மேல் ஏறிவிட வேண்டும். உச்சிக்கு அப்பால், பாறைச் சரிவில் வெட்டிய படிகளைப் பற்றிச் சென்றால் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தை அடையலாம். சமண முனிவர்கள் நோன்பிருந்த 17 கற்படுக்கைகள் அங்கே உள்ளன. தலையணை போல் சற்றே உயர்த்தி, வழுவழுப்பாகத் தேய்க்கப்பட்ட படுக்கைகள் அவை. ஒன்றின் அருகே ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகளைக் காணலாம். பிற்காலத்தில் அங்கு நோற்ற துறவியர் சிலரின் பெயர்களும் வெட்டப்பட்டுள்ளன.

குன்றின் மேற்குப் புறத்தில் இருப்பது அறிவர் கோயில் என்னும் குடைவரை. அதன் விதானத்தைத் தலை நிமிர்ந்து பார்த்தால் அங்கே ஒரு தாமரைத் தடாகம் பரந்து கிடக்கிறது. மீன்கள் நீந்துகின்றன, யானைகள் நீரில் இறங்கியிருக்கின்றன, எருமைகள் கிடக்கின்றன, துறவியர் மலர் கொய்கின்றனர். முகப்புத் தூண்களிலே ஆடல் மகளிர் இருவரும், அரசன் அரசி உருவங்களும் தீட்டப்பெற்றிருந்தன. பாறையின் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி, காவிக்கல், மஞ்சட்கல், கரி போன்ற எளிய பொருள்களின் வண்ணங்களைக் கொண்டு இத்தனையும் படைத்தனர். ஆனால் இன்று நமக்கு எஞ்சியிருப்பது அதில் ஒரு பகுதியே. காலமும் ஈரமும் அழித்தவை போக, மனிதக் கையால் அழிந்தவையும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் என் பேரனோடு இக்குன்றுக்குச் சென்றிருந்தேன். கோயிலின் வெளிப்புறப் பாறையில் ஒரு கல்வெட்டு உள்ளது. பாண்டியன் சீவல்லபன் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இக்கோயிலின் உள்மண்டபத்தைப் புதுப்பித்து, முன்னே ஒரு மண்டபமும் எடுத்தார் என்பது அதன் செய்தி. அதனை நான் பேரனுக்கு விளக்கிவிட்டு, குன்றின் பிறிதொரு பக்கத்தில் அண்மைக் காலத்தவர் கூரிய கருவியால் கீறிய பெயர்களைக் கண்டு மனம் வருந்தினேன். உடனே அவன், "தாத்தா, அந்த ஆசிரியர் பெயரை வெட்டினால் வரலாறு என்கிறீர்கள், இவர்கள் வெட்டினால் குற்றம் என்கிறீர்களே, அது ஏன்?" என்று கேட்டான். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. "பிறகு சொல்கிறேன், வா" என்று அழைத்துச் சென்றேன். அப்பயணத்தின் எஞ்சிய பகுதி முழுவதும் அவ்வினாவே என்னோடு வந்தது.

அடுத்துச் சென்றது நார்த்தாமலை. திருச்சிராப்பள்ளிச் சாலையை அடுத்துள்ள இவ்வூர் ஒரு காலத்தில் பெரிய வணிக நகரம். இங்குள்ள மேலமலையின் சரிவிலே, மேற்கு நோக்கி நிற்கிறது விசயாலய சோழீச்சரம். வட்ட வடிவான கருவறை, அதைச் சூழ்ந்து சதுரமான திருச்சுற்று, மேலே உருண்ட சிகரம் எனச் சிறிய அளவிலே நிறைந்த அழகு. இதன் வாயில் காவலர் சிற்பத்தின் அடியில் ஒரு கல்வெட்டு உள்ளது. சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையன் எடுத்த இக்கற்றளி மழையால் இடிந்தது என்றும், மல்லன் விடுமன் என்பவன் அதனைப் புதுக்கினான் என்றும் அது கூறுகிறது. புதுக்கியவன் எடுத்தவனின் பெயரை மறைக்கவில்லை. அதனை முதலில் சொல்லித் தன் பெயரைப் பின்னர்ச் சொன்னான்.

கொடும்பாளூரிலே வேறொரு காட்சி. மதுரைக்குச் செல்லும் வழி கிளை பிரியும் இடமாகச் சிலப்பதிகாரம் குறிப்பிடும் பழம்பதி அது. இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி, தன் பெயராலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் மூன்று கோயில்கள் எடுத்தான். மூவர் கோயில் எனப்படும் அவற்றுள் இரண்டே முழுமையாக நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் தரையோடு கிடக்கிறது. விழுந்ததை எடுத்து நிறுத்த ஒரு மல்லன் விடுமன் அங்கே வாய்க்கவில்லை போலும்!

குடுமியான்மலையில் உள்ளது இச்சீமையின் ஒப்பற்ற செல்வம். குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில், சிவநெறியில் நின்ற ஓர் அரசன், உருத்திராசாரியரின் மாணவன், ஏழு பண்களுக்குரிய சுரக்கோவைகளைக் கிரந்த எழுத்தில் வெட்டுவித்தான். 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக அறிஞர் கருதும் அவ்வெழுத்து இன்றும் படிக்கும்படி இருக்கிறது. இந்திய இசையின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் இதுவும் ஒன்று. ஓலையிலோ துணியிலோ எழுதியிருந்தால் இது நம் கைக்கு எட்டியிராது.

இதற்கு உடன்பிறப்பான ஓர் இசைக் கல்வெட்டு, தெற்கே திருமெய்யத்திலும் இருந்தது. 1687-இல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டையைக் காண்பதற்கே பலரும் அங்கே செல்கின்றனர். அப்பாறையின் அடிவாரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகருகே குடைவரைகள் உள்ளன. சிவன் கோயிலில் அந்த இசை எழுத்துகளின் சிதைவுகளை மட்டுமே இன்று காணலாம். பிற்கால ஆவணம் ஒன்றை எழுத இடம் வேண்டிப் பழைய எழுத்தைச் செதுக்கிவிட்டனர். அழித்தவர் தீயவர் அல்லர்; கோயிற் காரியத்துக்காகவே எழுதினர். ஆனால் தமக்கு முன்னே இருந்தது இன்னதென்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. எத்தகைய இசை அங்கே முழுமையாக இருந்தது என்பதை இனி எவரும் சொல்ல இயலாது.

அந்தப் பாறையின் முன் நின்றபோதுதான் பேரனுக்கு விடை சொன்னேன். "இளங்கௌதமன் முதலில் கோயிலைப் புதுக்கினார், பிறகே பெயரை எழுதினார். மல்லன் விடுமனும் அப்படியே. இங்கே எழுதியவர்களோ முன்னிருந்ததை அழித்து எழுதினர். குன்றிலே பெயர் கீறியவர்கள் ஒன்றும் கொடாமலே எழுதினர். கல்லுக்கு எதையேனும் கொடுத்தவன் பெயரைக் கல் தாங்கலாம்" என்றேன். அவன் சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்படியானால் நாம் என்ன கொடுப்பது?" என்றான்.

நேயர்களே, நம் போன்றோர் கோயில் புதுக்க வேண்டியதில்லை. சித்தன்னவாசலுக்கு முன்மண்டபம் அமைக்கச் சமஸ்தான அரசு கடந்த நூற்றாண்டில் குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொணர்ந்தது. இன்று இவ்விடங்களில் பல தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. நாம் கொடுக்க வேண்டியது ஒன்றே: ஓவியத்தின் மேல் படாத கை. விரலின் ஈரமும் எண்ணெயும் மெல்லிய சாந்துப் பூச்சுக்குப் பகை. கீறிய எழுத்தை எந்தத் துறையாலும் பழையபடி நிரப்ப இயலாது.

புதுக்கோட்டைக் குன்றுகளுக்குச் சென்று வாருங்கள். குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். தாமரைத் தடாகத்தை அவர்கள் அண்ணாந்து பார்க்கட்டும். அவர்கள் தம் குழந்தைகளோடு மீண்டும் வரும் நாளிலும் அம்மீன்கள் அங்கே நீந்த வேண்டும்.