சூடான மூலை: பெருசுகளின் பந்துப் பேச்சும் தோழமை என்கிற சொல்லும்

1

ஹவானா நகரின் மையத்தில் ஒரு பூங்கா. பார்கே சென்ட்ரால் என்று பெயர். நடுவில் 1905இல் திறந்துவைக்கப்பட்ட ஹோசே மார்த்தியின் பளிங்குச் சிலை. ஒருபுறம் இங்கிலத்தெர்ரா ஹோட்டல், கொஞ்சம் தள்ளி காப்பிடோலியோவின் பெரிய குவிமாடம். இந்தப் பூங்காவில் பல பத்தாண்டுகளாக, பகல் முழுக்க, ஆண்கள் கூட்டம் ஒன்று நின்றுகொண்டே கத்திச் சண்டை போட்டு வந்திருக்கிறது. பெரும்பாலும் வயசானவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் மற்றவரின் முகத்துக்கு நேரே விரலை நீட்டுகிறார். இன்னொருவர் மார்பில் அடித்துக்கொள்கிறார். மூன்றாமவர் கேட்கச் சகிக்காமல் திரும்பி நடந்து, நாலு எட்டு வைத்ததும் ஏதோ ஞாபகம் வந்தாற்போல ஓடிவந்து மறுபடி கத்துகிறார். புதிதாக வந்த வெளிநாட்டுக்காரர் கைகலப்பு வரப்போகிறதென்று பயப்படுவார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. பேஸ்பால் பேசுகிறார்கள்.

இந்த இடத்துக்கு எஸ்கினா கலியென்தே என்று பெயர். சூடான மூலை என்று தமிழில் சொல்லலாம். பேஸ்பால் மைதானத்தில் பந்து வேகமாகச் சீறி வரும் மூன்றாம் தளத்துக்கும் இதே பெயர்தான். பூங்காவின் மூலை ஆட்டத்தின் மொழியிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டது.

நான் ஹவானா போனதில்லை. புத்தகங்கள் வழியாகவும் படங்கள் வழியாகவும்தான் எனக்கு இந்த மூலை தெரியும். குறிப்பாக தாமஸ் கார்ட்டர் என்ற மானுடவியலாளர் கியூப பேஸ்பால் ரசிகர்களிடையே இருந்து எழுதி 2008இல் வெளியிட்ட நூல். ஆனாலும் இதைப் பற்றி நாம் பேசியாக வேண்டுமென்று தோன்றுகிறது. நம்மில் பலருக்கும் கியூபா என்றால் சியராமேஸ்த்ரா மலை, சே, மருத்துவர்கள், பொருளாதாரத் தடை. பூங்காவில் நின்று பந்து பேசும் கிழவர்கள் அந்தச் சித்திரத்தில் எங்குமே வருவதில்லை. விளையாட்டு என்றாலே மக்களை மயக்கும் அபின் என்று ஒரே வரியில் முடித்துவிடும் பழக்கமும் நமக்கு உண்டு. அந்த ஒரு வரியை இந்த மூலைக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாம்.

2

முதலில், இந்தப் பெருசுகளுக்குப் பேச அப்படி என்ன இருக்கிறது?

பேஸ்பால் அமெரிக்காவின் ஆட்டம். ஆனால் கியூபாவில் அது ஸ்பானிய எதிர்ப்பின் அடையாளமாகத்தான் வேர்விட்டது. 1860களில் அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பிய மாணவர்கள் மட்டையும் பந்தும் கொண்டுவந்தார்கள். 1868இல் முதல் விடுதலைப் போர் வெடித்ததும், மறுவருடமே ஸ்பானிய ஆட்சி இந்த ஆட்டத்தைத் தடைசெய்தது. காளைச் சண்டை ஆண்டையின் விளையாட்டு, பேஸ்பால் நம்முடையது என்ற பிரிவினை அன்றைக்கே விழுந்துவிட்டது. 1878இல் தொழில்முறை லீக் தொடங்கியது. ஹவானாவின் ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள்: நீல நிற அல்மெந்தாரெஸ், சிவப்பு நிற ஹபானா. ஒரே வீட்டுக்குள் அண்ணன் நீலம், தம்பி சிவப்பு.

இதற்குள் நிறவெறியின் கதையும் இருக்கிறது. தொழில்முறை லீக் 1900இலிருந்து கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொண்டது. அமெரிக்காவின் பெரிய லீகில் ஜாக்கி ராபின்சன் நுழைய 1947 ஆனது என்பதை இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வசதியான வெள்ளையர் சங்கங்கள் நடத்திய அமெச்சூர் லீகில், 1959 புரட்சி வரைக்கும் கறுப்பருக்கு இடமில்லை. 'காசுக்காக ஆடாத தூய விளையாட்டு' என்று பெருமை பேசிய இடத்தில்தான் தீண்டாமை இருந்தது. காசு புழங்கிய இடத்தில் கறுப்பரும் ஆட முடிந்தது. நமது எளிய வாய்பாடுகள் இங்கே கொஞ்சம் தடுமாறுகின்றன.

1961-62இல் புரட்சி அரசு தொழில்முறை விளையாட்டை ஒழித்தது. அல்மெந்தாரெஸும் ஹபானாவும் ஒரே நாளில் வரலாறாயின. அவற்றின் இடத்தில் 1962இல் தேசியத் தொடர் வந்தது. தலைநகருக்கு இந்துஸ்த்ரியாலெஸ் என்ற அணி. பழைய நீலம் அதன் சட்டையில் உயிர் பிழைத்தது.

1990களில் அந்த மூலையில் நின்ற அறுபது வயசுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குள் இரண்டு காலங்கள் இருந்தன. சிறுவனாக அல்மெந்தாரெஸுக்காகத் தொண்டை கிழியக் கத்தியதும் அவர்தான். 1986இல் அகுஸ்தின் மார்க்கெத்தி, ரொஹேலியோ கார்சியாவின் பந்தை எல்லைக்கு அப்பால் விளாசி இந்துஸ்த்ரியாலெஸுக்குப் பட்டம் வாங்கித் தந்தபோது பக்கத்தில் நின்றவரைக் கட்டிப்பிடித்து அழுததும் அவர்தான். அதிகாரபூர்வ வரலாறு புரட்சிக்கு முன், புரட்சிக்குப் பின் என்று கோடு கிழிக்கிறது. பெருசின் ஞாபகம் அந்தக் கோட்டை மதிப்பதில்லை. 1940களின் பந்துவீச்சாளனையும் 1980களின் மட்டையாளனையும் ஒரே மைதானத்தில் நிறுத்தி 'இவன் பந்தை அவன் அடிப்பானா?' என்று கேட்கிறது.

3

இனி அந்தச் சண்டையின் இலக்கணத்துக்கு வருவோம். கூர்ந்து பார்த்தால் அதில் விதிகள் தெரிகின்றன.

ஒன்று, சத்தம் மட்டும் போதாது; சான்று வேண்டும். எந்த வருஷம், எந்த ஆட்டம், எத்தனையாவது இன்னிங்ஸ், யார் தளத்தில் நின்றார்கள் என்பதெல்லாம் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். சோவியத் யூனியன் சரிந்தபின் வந்த, 'சிறப்புக் காலம்' என்று அரசு பெயரிட்ட 1990களில் காகிதத்துக்கும் பஞ்சம். செய்தித்தாள்கள் சுருங்கின. அந்த நாட்களில் கிழவர்களின் மண்டைதான் ஆவணக் காப்பகம். ஒருவர் தப்பாகச் சொன்னால் திருத்தப் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். வாய்மொழி மரபு என்று நாம் புத்தகங்களில் படிப்பது இதைத்தான்.

இரண்டு, பதவிக்கு மரியாதை கிடையாது. பேராசிரியரும் சுருட்டுத் தொழிலாளியும் ஒரே குரலில்தான் கத்த வேண்டும். ஆதாரம் கையில் இருக்கிறவன் பெரியவன், அதுவும் அடுத்த ஆதாரம் வரும்வரைக்கும்தான்.

மூன்று, கை ஓங்கலாம், அடிக்கக் கூடாது. சொல்லால் ஆளை வீழ்த்துவதுதான் வெற்றி. இங்கே கை நீண்டுவிட்டால் அவரிடம் சொல் தீர்ந்துபோனது என்று அர்த்தம்.

நான்காவதுதான் முக்கியமானது. சண்டை முடியக் கூடாது. யாரும் ஒப்புக்கொண்டுவிடக் கூடாது. இன்றைக்கு எல்லோரும் ஒத்துப்போய்விட்டால் நாளைக்கு வர என்ன காரணம் இருக்கும்? சாப்பாட்டு நேரம் வந்ததும் கலைகிறார்கள். அவரவர் கட்சியோடு வீடு போய், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். எவராவது ரெண்டு நாள் வராவிட்டால் முதலில் தேடுகிறவர், அவரோடு அதிகமாகச் சண்டை போட்டவராகத்தான் இருப்பார். தன் எதிராளி இல்லாமல் அவருக்குப் பேச்சே இல்லையே.

ஆக, கருத்து ஒற்றுமையால் கட்டப்பட்ட உறவல்ல இது. கருத்து வேறுபாடே இங்கே கயிறு.

4

இப்போது அரசியலுக்கு வருவோம். இந்துஸ்த்ரியாலெஸின் மிகப் பெரிய பந்துவீச்சாளர் ஒர்லாந்தோ எர்னாந்தெஸ். எல் தூக்கே, 'கோமகன்', என்று செல்லப் பெயர். இவருடைய தம்பி லிவான் 1995இல் நாட்டை விட்டு வெளியேறி, 1997இல் அமெரிக்க உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரரானார். தம்பி போனதன் சந்தேகம் அண்ணன் மேல் விழுந்தது. 1996இல் எல் தூக்கே கியூப பேஸ்பாலிலிருந்து வாழ்நாள் முழுக்க விலக்கப்பட்டார். 1997 டிசம்பரில் படகேறித் தப்பினார். 1998 அக்டோபரில் நியூயார்க் யாங்கீஸ் உலகத் தொடரை வென்றபோது அந்த அணியில் அவர் இருந்தார்.

கியூப அரசு ஊடகம் அன்றைக்கு இப்படிப் போனவர்களின் பெயரையே விழுங்கிவந்தது. ஆனால் மூலைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வானொலியைத் திருகிப் பிடித்த அலைவரிசை, மயாமியிலிருந்து உறவினர் பேசிய தொலைபேசி, பயணி விட்டுப்போன பத்திரிகை என்று துண்டுதுண்டாய் வந்த செய்தி இங்கே சேர்ந்து முழுசானது. 'கோமகனின் வளைவுப் பந்து முன்ன மாதிரி இருக்கா?' என்று ஒருவர் கேட்டால் அது பந்துவீச்சைப் பற்றிய கேள்வி மட்டுமா? போனவன் துரோகியா, நம்மாளா? ஒரு ஆட்டக்காரன் உழைப்பின் விலை என்ன? வெளியேறும் உரிமை யாருடையது? இத்தனை கேள்விகளும் அந்த வளைவுப் பந்துக்குள் சுருண்டு கிடந்தன. மறுபக்கம், கோடிக்கணக்கான டாலரை மறுத்துவிட்டு நாட்டிலேயே இருந்துவிட்ட மூன்றாம் தள ஆட்டக்காரர் ஒமர் லினாரெஸின் பெயரை ஒருவர் உரக்கச் சொன்னால், அதுவும் பந்துப் பேச்சு மட்டுமல்ல.

ஒடுக்கப்பட்டோர் அதிகாரத்தின் முதுகுக்குப் பின்னால் பேசும் 'மறைமொழி' பற்றி ஜேம்ஸ் ஸ்காட் 1990இல் எழுதினார். சூடான மூலையை அதற்குள் அடக்க முடியவில்லை. இங்கே ஒளிவுமறைவே கிடையாது. மார்த்தியின் சிலைக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், தொண்டை கிழியக் கத்துகிறார்கள். மறைந்திருப்பது குரல் அல்ல, பொருள். கியூப மக்களின் அன்றாடப் பேச்சும் இதற்குத் தோதாக இருக்கிறது. பேஸ்பாலில் மட்டையாளனுக்கு மூன்று தப்பான பந்துகளும் இரண்டு தவறவிட்ட வாய்ப்புகளும் ஆகிவிட்டால் அடுத்த பந்திலேயே ஏதாவது ஒன்று முடிவாகிவிடக்கூடும். இக்கட்டில் மாட்டிக்கொண்டவரை அங்கே 'மூணு-ரெண்டுல நிக்கிறார்' என்பார்கள். யார் நிற்கிறார், ஆட்டக்காரரா, குடும்பமா, நாடா என்பது கேட்பவர் பாடு.

5

இதை வைத்துக்கொண்டு, 'ஆகா, இதோ எதிர்ப்பு வெளி' என்று கொண்டாடக் கிளம்பினால் அது நமது வழக்கமான அவசரமாகத்தான் இருக்கும்.

முதலில், அந்த வெளியில் பெண்கள் மிகக் குறைவு. பகல் முழுக்க மூலையில் நிற்க ஒரு கிழவருக்கு நேரம் எப்படிக் கிடைத்தது? ரேஷன் வரிசையில் யார் நின்றார்கள்? ஹாபர்மாஸ் சொன்ன ஐரோப்பியக் காபிக் கடையிலும், நம்மூர்த் திண்ணையிலும், டீக்கடை பெஞ்சிலும் இதே கேள்வி காத்துக்கிடக்கிறது.

அடுத்து, அனுமதிக்கப்பட்ட சூடு என்பது ஒரு வேலியும்கூட. பந்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம் என்றால், மற்றதைப் பற்றிக் கத்தக் கூடாது என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. எழுத்தாளர்களுக்கான எல்லைக் கோட்டை பிடல் 1961இல் வகுத்துச் சொன்னார்: புரட்சிக்கு உள்ளே இருந்தால் எல்லாம், எதிரே போனால் ஒன்றுமில்லை என்பது அதன் சாரம். 1999 மார்ச்சில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி ஹவானாவுக்கு ஆட வந்தபோது அரங்கத்துக்குள் அழைப்பிதழ் உள்ளவர்களுக்குத்தான் இடம். வருஷம் முழுக்கப் பேசியே ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்த சாதாரண ரசிகர்கள் வெளியே நின்றார்கள். 2021 ஜூலை 11 அன்று, உணவும் மருந்தும் மின்சாரமும் இல்லாத கோபத்தில் மக்கள் தெருவில் இறங்கி, இதே பூங்காவை ஒட்டிய காப்பிடோலியோ பக்கம் திரண்டபோது, அங்கே உவமை எதுவும் இல்லை. நேர்ச்சொல் மட்டுமே இருந்தது. நூற்றுக்கணக்கானோருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. பந்துப் பேச்சுக்கும் நேர்ப் பேச்சுக்கும் நடுவே இருந்த தூரம் சில அடிகள்தான், விலை வேறு. அமெரிக்கத் தடையைக் கண்டிக்கிற நாம் இதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

ஆனால் வேலியைச் சொல்லிவிட்டதால் உள்ளே முளைத்தது பொய்யாகிவிடாது. 2023 உலக பேஸ்பால் கிளாசிக்கில், நாட்டை விட்டுப் போய் அமெரிக்க லீகில் ஆடிக்கொண்டிருந்த மொன்காதாவும் ரொபெர்ட்டும் கியூபச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். அரையிறுதியில், அதுவும் மயாமியில், அமெரிக்காவிடம் 14-2 என்று தோற்றார்கள். தோல்வி கிடக்கட்டும். போனவனும் நம்மாளே என்று அரசு ஒப்புக்கொள்ள இத்தனை வருஷம் ஆயிற்று. மூலையிலோ, அந்த விவாதம் கால் நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

6

கடைசியாக ஒரு சொல் பற்றி. கியூபாவில் அரசு மொழியில் 'தோழர்' என்பதற்கு கொம்பாஞெரோ. கூட்டத்தில், அலுவலகத்தில், மேடையில் புழங்குவது. தெருவில் நண்பனைக் கூப்பிட வேறு சொல் இருக்கிறது: ஆசெரே. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த அபாக்குவா சகோதரத்துவக் குழுவினரின் மொழியிலிருந்து வந்ததென்பார்கள். நம்ம 'மச்சான்', 'பங்காளி' மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். முதல் சொல்லுக்குக் கொள்கை வேண்டும். இரண்டாவதற்கு மறுநாளும் வந்து நிற்பது போதும்.

நாங்கள் சில பேர் சேர்ந்து எங்கள் ஊரில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்தினோம். எல்லோரும் எல்லோருக்கும் 'தோழர்'. ஒரு கட்டுரையில் கருத்து வேறுபாடு வந்தது. அதற்கப்புறம் இரண்டு வட்டம், பின்பு மூன்று, இப்போது வட்டமே இல்லை. நான் அதிகம் சண்டை போட்ட நண்பரைப் பார்த்து ஆறு வருஷமாகிறது. அவர் சொன்னது தப்பென்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அவர் வராத நாட்களில் நான் ஏன் தேடிப் போகவில்லை என்பதற்கு என்னிடம் எந்தக் கோட்பாடும் இல்லை.

ஒத்த கருத்து உள்ளவர்கள் சேர்ந்திருப்பது அமைப்பு. அது வேண்டியதுதான். ஒத்துவராதவனை நாளைக்கும் எதிர்பார்த்து நிற்பதற்கு என்ன பெயர்? ஹவானாவின் பெருசுகள் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அறிக்கை எழுதவில்லை. நின்று கத்திவிட்டு, சாப்பிடப் போய், மறுநாள் வந்தார்கள். விளையாட்டு அபின் என்று இனி எழுதுமுன் அந்த மூலையைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். நண்பர்கள் இதை மறுக்கலாம். மறுத்துவிட்டுத் திரும்ப வாருங்கள் என்பது மட்டுமே என் கோரிக்கை.