உங்களுக்குத் தெரியுமா?

நுவரெலியா நகர் நடுவே, விக்டோரியா பூங்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும் சின்னஞ்சிறு குருவி ஒன்று, கோடையில் கூடு கட்டுவது ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் வடக்கே, காஷ்மீர் மலைக்காடுகளில்!

• பெயர் காஷ்மீர் ஈப்பிடிப்பான். நீளம் சுமார் 13 செ.மீ. ஆண் பறவையின் தொண்டையும் மார்பும் செம்மஞ்சள். ஓரத்தில் கறுப்புக் கரை.

• வருகை ஒக்டோபர் வாக்கில். மார்ச் இறுதியில் வடக்கே புறப்பாடு. ஏப்ரல் சீசனுக்கு நகரம் நிறையும்போது, பெரும்பாலானவை போயிருக்கும்.

• அதே பூங்காவின் ஓடைக்கரையில் இன்னும் இரு வலசை விருந்தாளிகள்: ஆறுமணிக்குருவி, இமயத்துக் கறுப்பு வெள்ளைப் பூங்குருவி.

• எண்ணிக்கையில் குறைந்த இனம் இந்த ஈப்பிடிப்பான். காடு அழிவதே பெரிய ஆபத்து.

பார்க்க ஆசையா? ஜனவரியில், அதிகாலையில் போங்கள். ஓடைக்கரையில் குப்பை போடாதீர்கள்.