ஸ்விட்சின் பரீட்சை

இருபது டன் எடையுள்ள ஓர் எக்ஸ்கவேட்டர் காலையில் சாவியைத் திருப்பியும் உயிர் பெறாமல் நின்றுவிட்டால், அதைச் சூழ்ந்து நிற்பவர்களின் சந்தேகம் முதலில் பாட்டரியின் மேலும், அடுத்தபடியாக ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேலும் செல்வதே வழக்கம். விலை உயர்ந்த அவ்விரண்டையும் கழற்றி மாற்றிப் பணத்தையும் பகற்பொழுதையும் விரயம் செய்த பின்னரே, அந்த மகா யந்திரத்தை முடக்கியது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சாவி ஸ்விட்ச் என்பது பல இடங்களில் வெளிப்படுகிறது. மல்டிமீட்டர் ஒன்றும், அதைப் பிரயோகிக்கும் முறையில் தெளிவும் இருந்தால் இந்த விரயம் பெரும்பாலும் நேராது. முறையில் தெளிவு என்பதை அழுத்திச் சொல்கிறேன்; ஏனெனில், இச்சாதனத்தைக் கையில் வைத்திருப்பவர்களிலும் அநேகர் அதனிடம் பாதிக் கேள்வியை மட்டுமே கேட்டுத் திருப்தியடைந்துவிடுகிறார்கள்.

வோல்ட், ஆம்பியர், ஓம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கருவிகளைச் சுமந்து திரிந்த காலம் ஒன்று இருந்தது. பிரிட்டிஷ் தபால் இலாகாவில் என்ஜினீயராக இருந்த டொனால்டு மெக்காடீ என்பவர் அம்மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கி உருவாக்கிய ‘ஆவோமீட்டர்’ 1923-ல் விற்பனைக்கு வந்தது. இன்று எலெக்ட்ரீஷியனின் சட்டைப் பையில் இருக்கும் டிஜிட்டல் மீட்டர் அதன் வம்சத்தைச் சேர்ந்ததே.

ஸ்விட்சிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அது மூட வேண்டிய நிலையில் மூடுகிறதா, திறக்க வேண்டிய நிலையில் திறக்கிறதா என்பது. ஓம் அளவில் வைத்தால் மீட்டர் தன்னுள் இருக்கும் சிறு பாட்டரியிலிருந்து மிக அற்பமான மின்சாரத்தை ஸ்விட்சின் வழியே அனுப்பிப் பார்க்கிறது. ஆகையால் வண்டியின் மின்சாரத்தை முற்றிலும் துண்டித்த பிறகே இந்தச் சோதனையைத் தொடங்க வேண்டும். ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றிவிடுவதும் அவசியம்; இல்லாவிடில் மீட்டரின் மின்சாரம் பக்கத்து விளக்கின் வழியாகவோ ரிலேயின் சுருள் வழியாகவோ சுற்றி வந்து, பழுதான ஸ்விட்சையும் நல்லதென்று காட்டிவிடும். மூடிய ஸ்விட்ச் பூஜ்யத்தை ஒட்டிய எண்ணைக் காட்ட வேண்டும்; திறந்த ஸ்விட்ச் ‘ஓ.எல்.’ என்று, அதாவது அளவுக்கு அப்பாற்பட்ட தடை என்று காட்ட வேண்டும். என்ஜின் ஆயில் அழுத்தத்தைக் காட்டும் விளக்குக்குரிய ஸ்விட்ச் போன்றவை எப்போது மூட வேண்டும் என்பதில் பொதுவாக மற்ற ஸ்விட்சுகளுக்கு நேர்மாறான சுபாவம் உடையவை: என்ஜின் ஓடாதபோது மூடியிருந்து விளக்கை எரியவிட்டு, அழுத்தம் ஏறியதும் திறந்து அதை அணைக்கின்றன.

இவ்வளவோடு நின்றுவிடுவதுதான் நான் சொன்ன பாதிக் கேள்வி. தொடர்ச்சியைச் சோதிக்கும் நிலையில் மீட்டர் ‘பீப்’ என்று ஒலித்ததும் ஸ்விட்ச் நல்லதென்று தீர்மானிப்பது, ஒரு சிறுவன் நடந்து கடந்ததைக் கண்டு, பாரவண்டியையும் தாங்கும் என்று பாலத்துக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுப்பதை ஒக்கும். தடை சில பத்து ஓம் அளவுக்கு இருந்தாலும்கூடப் பல மீட்டர்கள் ஒலி எழுப்பிவிடும். ஆனால் 12 வோல்ட் வண்டி ஒன்றில் சாவி ஸ்விட்சின் வழியே ஸ்டார்ட்டரின் சாலினாய்டுக்கு 20 ஆம்பியர் பாய்வதாக வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். கல்குவாரியின் தூசியும், தண்ணீரைப் பீய்ச்சி வண்டியைக் கழுவும்போது உட்புகுந்த ஈரமும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தெறித்த பொறியின் கரியும் சேர்ந்து, ஸ்விட்சின் உட்பரப்பில் வெறும் 0.2 ஓம் தடையை உண்டாக்கினாலே போதும். அங்கே 4 வோல்ட் தொலைந்துபோகும், 80 வாட் உஷ்ணம் பிறக்கும். எஞ்சிய 8 வோல்ட்டைக் கொண்டு சாலினாய்டு இழுபடுவதே சந்தேகம். மீட்டரின் இரு ஒயர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தால் அவற்றுக்கே 0.2 ஓம் அல்லது அதற்கும் மேலான தடை உண்டென்பது தெரியும். அதாவது, வண்டியை முடக்கும் நோய், அளக்கும் ஒயரின் சொந்தத் தடைக்குள்ளேயே ஒளிந்துகொண்டுவிடுகிறது.

அதை வெளிக்கொணரும் உபாயம், ஸ்விட்சை அது வேலை செய்யும்போதே சோதிப்பதாகும். கனெக்டரைப் பழையபடி பொருத்தி, மீட்டரை டி.சி. வோல்ட்டுக்குத் திருப்பி, ஒரு முனையை ஸ்விட்சுக்குள் மின்சாரம் நுழையும் இடத்திலும், மற்றொன்றை வெளிவரும் இடத்திலும் வைத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். வண்டி கிளம்பிவிடாதபடி முன்னெச்சரிக்கை செய்துகொண்டே இதில் இறங்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நல்ல ஸ்விட்ச் 0.1 அல்லது 0.2 வோல்ட் அளவே காட்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் அதை நம்ப முடியாது. பாட்டரியின் வோல்ட் முழுவதையும் காட்டினால் அது மூடவே இல்லை என்று பொருள். சுமை, அதாவது ஸ்விட்ச் இயக்கும் விளக்கோ சாலினாய்டோ, இணைந்திருக்கவேண்டும் என்பதே இதில் பிரதானம். விளக்கு பியூஸாகியிருந்தால் மின்சாரம் பாயாது, பாயாத இடத்தில் இழப்பும் தெரியாது. மீட்டர் பூஜ்யம் காட்டும், நாம் ஏமாறுவோம்.

உலோகம் அருகே வருவதை உணர்ந்து இயங்கும் பிராக்ஸிமிட்டி ஸ்விட்சுகளுக்குள் எலெக்ட்ரானிக் சுற்று இருப்பதால், அவற்றை ஓம் அளவில் சோதிப்பது பயனற்றது. மின்சாரம் கொடுத்து, உலோகத் துண்டை அருகே கொண்டுபோய், வெளிவரும் வோல்ட் மாறுகிறதா என்று பார்ப்பதே முறை.

கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டும் வண்டியைக் கிளம்பவிடும் ஸ்விட்ச், ஓட்டுநர் இடப்புற லீவரை உயர்த்தியதும் எக்ஸ்கவேட்டரின் ஹைட்ராலிக் அசைவுகளை நிறுத்தும் ஸ்விட்ச் ஆகியவை மனித உயிரைக் காப்பதற்கென்றே வைக்கப்பட்டவை. இவை பழுதாகும்போது இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து வேலையைத் தொடரும் வழக்கம் பல தளங்களில் பரவியிருப்பது மிகுந்த கவலை தருகிறது. கியரில் நிற்கும் வண்டி சாவியைத் திருப்பியதும் பாய்ந்தால், சக்கரத்தருகே நிற்கும் உதவியாள் விலகுவதற்கு அவகாசம் இராது. ஆகையால் இவ்வகை ஸ்விட்சுகளில், மூடுகிறதா என்று பார்ப்பதைக் காட்டிலும், லீவரை ஒவ்வொரு நிலையிலும் வைத்து, திறக்க வேண்டிய இடத்தில் தவறாமல் ‘ஓ.எல்.’ வருகிறதா என்று பார்ப்பதே முக்கியம். சோதனைக்காக எங்கேனும் ஒயர்த் துண்டைச் செருகியிருந்தால், சாவியை ஓட்டுநரிடம் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பு அதை உருவி எடுத்துவிட வேண்டும்.