உங்களுக்குத் தெரியுமா? – எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை வைத்துக் கல்லூரிகளை ஒப்பிடலாமா?

● அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு முதன்முதலாக நடந்தது 1926 ஜூன் 23 அன்று. சுமார் 8,000 பேர் எழுதினார்கள். அதை உருவாக்கியவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் கார்ல் பிரிகாம். முதல் உலகப் போரில் படைவீரர்களைத் தரம் பிரிக்க ராணுவம் நடத்திய தேர்வுதான் அதற்கு மூலம்.

● 1930-களில் ஹார்வர்டின் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் உதவித்தொகை மாணவர்களைத் தேர்ந்தெடுக்க இந்தத் தேர்வைக் கையில் எடுத்தார். பணக்காரப் பள்ளிகளுக்கு வெளியே இருக்கும் திறமைசாலிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம்.

● இன்றைய தேர்வில் கணிதத்துக்கு 800, வாசிப்புக்கும் எழுத்துக்கும் சேர்த்து 800, மொத்தம் 1600. கல்லூரிகள் பெரும்பாலும் சராசரியைச் சொல்வதில்லை, இரண்டு எண்களைத்தான் சொல்கின்றன. ஒரு கல்லூரி ‘1480–1560’ என்று போட்டால், மதிப்பெண் கொடுத்துச் சேர்ந்தவர்களில் கால்வாசிப் பேர் 1480 அல்லது அதற்குக் கீழே, கால்வாசிப் பேர் 1560 அல்லது அதற்கு மேலே, மீதிப் பாதிப்பேர் நடுவில் என்று பொருள். இது கட்-ஆஃப் அல்ல! இதைக் கட்-ஆஃப் என்று நினைத்து, 1450 வாங்கிய பிள்ளை விண்ணப்பமே போடாமல் இருந்துவிட்டால் அதைவிட வருத்தம் வேறில்லை. அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களிலேயே அதே அளவு வாங்கியவர்கள் உண்டு.

● உச்சியில் இருக்கும் கல்லூரிகளை ஒப்பிடும்போது மேல் எண் பெரிதாக உதவாது. எம்.ஐ.டி., கால்டெக் இரண்டிலும் கணிதத்தின் மேல் எண் 800. அதற்கு மேல் ஏற இடமே கிடையாது. கீழ் எண்ணைப் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் அங்கேதான் தெரியும்.

● கணிதத்தின் கீழ் எண்ணையும் வாசிப்பின் கீழ் எண்ணையும் கூட்டினால் மொத்த மதிப்பெண்ணின் கீழ் எண் வந்துவிடாது. கணிதத்தில் பின்தங்கியவரே வாசிப்பிலும் பின்தங்கியவராக இருக்க வேண்டியதில்லையே!

● பல கல்லூரிகள் ‘சூப்பர் ஸ்கோர்’ பார்க்கின்றன. மார்ச்சில் எழுதியதில் நல்ல கணித மதிப்பெண், அக்டோபரில் எழுதியதில் நல்ல வாசிப்பு மதிப்பெண் என்று எடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். பலமுறை எழுதக் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு இது கூடுதல் வசதி.

● சேர அனுமதி பெற்றவர்கள் வேறு, வந்து சேர்ந்தவர்கள் வேறு. அதிக மதிப்பெண் வாங்கியவருக்குப் பல கல்லூரிகள் கதவைத் திறக்கும். அவர் போவது ஒன்றுக்குத்தான். அதனால் அனுமதி பெற்றவர்களின் கணக்கு பொதுவாகக் கொஞ்சம் உயரமாகத் தெரியும். எமரி பல்கலைக்கழகம் பத்தாண்டுகளுக்கும் மேலாக இந்தக் கணக்கையே தரவரிசை வெளியிடுவோருக்குக் கொடுத்துவந்ததாக 2012-இல் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு கிளேர்மான்ட் மெக்கென்னா கல்லூரியில், சேர்க்கை அதிகாரி ஒருவர் பல ஆண்டுகளாக மதிப்பெண்களை உயர்த்திக் காட்டியது வெளியே வந்தது. ஒரு தரவரிசைப் படிக்காக இவ்வளவும்!

● அம்மாவின் மதிப்பெண்ணையும் மகளின் மதிப்பெண்ணையும் அப்படியே ஒப்பிட முடியாது. 1995-இல் அளவுகோலையே மாற்றி அமைத்தார்கள். 2005 முதல் 2016 தொடக்கம் வரை மொத்த மதிப்பெண் 2400.

● மதிப்பெண் கொடுப்பதைக் கட்டாயமாக்காத முறையை போடன் கல்லூரி 1969-லேயே கொண்டுவந்தது. கொரோனா காலத்தில் ஏறத்தாழ எல்லாப் பெரிய கல்லூரிகளும் அதைப் பின்பற்றின. விளைவு? நல்ல மதிப்பெண் உள்ளவர்கள் மட்டும் கொடுத்தார்கள். மாணவர்கள் மாறாமலே கல்லூரியின் எண்கள் ஏறின. எத்தனை சதவீதம் பேர் கொடுத்தார்கள் என்பதையும் கல்லூரிகள் ‘காமன் டேட்டா செட்’ என்ற ஆவணத்தில் வெளியிடுகின்றன. நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்தச் சதவீதத்தைத்தான்.

● பெர்க்லி உள்ளிட்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் சேர்க்கையின்போது மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை.

● ஒரே மதிப்பெண் வாங்கிய இருவரில், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட நாட்டின் மிகப் பணக்கார 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளை ஹார்வர்டு, யேல் போன்ற 12 கல்லூரிகளில் ஒன்றில் படிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் 2023-இல் வெளியிட்ட கணக்கு இது.

● 2024 பிப்ரவரியில் டார்ட்மவுத் கல்லூரி தேர்வை மீண்டும் கட்டாயமாக்கியது. அதன் பேராசிரியர்கள் ஆராய்ந்தபோது, வசதி குறைந்த வீட்டு மாணவர்கள் சிலர் 1400-ஐ ஒட்டிய மதிப்பெண்ணைப் போதாது என்று நினைத்து மறைத்தது தெரிந்தது. அவர்கள் படித்த பள்ளியின் நிலையோடு வைத்துப் பார்த்தால், அந்த மதிப்பெண்ணே அவர்களுக்கு இடம் கிடைக்க உதவியிருக்கும்.